தலைகீழாய்ப் போட்ட அக்ஸில்

சுன்னாகத்துக்குத் தெற்கே வெங்காயத் தோட்டம் செய்யும் நமசிவாயத்துக்கு எந்த வேலையையும் சொன்னபடி செய்யத் தெரியாது. ஊரெல்லாம் றோட்டால் போனால் அவர் வேலிப் பொட்டு இடைவெளிக்குள்ளால் போகப் பார்ப்பார். சில வேளை வழி கிடைக்கும், சில வேளை வேலிதான் விழும். ஆனால் மனுசனின் உற்சாகம் மட்டும் ஒருநாளும் விழுந்ததில்லை.

தோட்டத்துக்குப் போகும் ஒழுங்கை பள்ளம். மழை பெய்தால் செம்மண் குழைந்து சில்லைப் பிடித்துக்கொள்ளும். வருசா வருசம் சோமசேகரத்தின் ரக்டர்தான் அறுவடையை ஏற்றிவந்தது. அவருடைய நேரத்துக்குக் காத்திருந்து அலுத்துப்போய், நமசிவாயம் ஒரு கழித்துவிட்ட ஜீப்பை வாங்கினார். கூரையை வெட்டி எறிந்து, பின்னால் பெட்டி அடித்தார். குறை ஒன்றுதான்: வயிறு நிலத்தில் முட்டியது. முன்பக்கத்தை ஒருமாதிரி உயர்த்திவிட்டார். பின்பக்கத்துக்கு வெல்டிங் செபநாயகத்திடம் போய்க் கேட்டார்.

"ஸ்பிறிங், சில்லு பூட்டின அக்ஸிலுக்குக் கீழை கிடக்குது அண்ணை. மேலை வரவேணும். அதைப் பூட்டுற இருக்கையளை வெட்டியெடுத்து மேல்பக்கத்திலை ஒட்டவேணும். கொண்டு வாங்கோ, செய்து தாறன்."

நமசிவாயம் வீட்டுக்கு வந்து ஜீப்புக்கு அடியில் படுத்துக்கொண்டு யோசித்தார். அக்ஸிலையே தலைகீழாகப் புரட்டிப் போட்டால் இருக்கைகள் தானாக மேலே வந்துவிடுமே! வெட்டவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். உலகத்தில் வேறு யாருக்கும் இது தோன்றவில்லையே என்று அவருக்குப் பரிதாபமாகக்கூட இருந்தது. அப்படியே புரட்டிப் பூட்டினார். எண்ணெய் ஊற்றும் துளை நிலத்தைப் பார்த்தபடி நின்றது மட்டும் மனத்தில் கொஞ்சம் இடித்தது. அதன் மூடியை நன்றாக இறுக்கினார். இடித்தது நின்றுவிட்டது.

ஓடிப் பார்ப்பதற்கு முன்பே சோமசேகரத்திடம் போய், "இந்தமுறை உம்மடை ரக்டர் தேவைப்படாது" என்று சொல்லிவிட்டும் வந்தார். சோமசேகரமும் ரக்டரை அடுத்த ஊருக்குத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார்.

கிண்டிய வெங்காயம் தோட்டத்தில் கட்டுக் கட்டாகக் காய்ந்துகொண்டிருந்தது. மறுநாள் காலை, காலந்தவறிக் காங்கேசன்துறைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நனைந்தால் அந்தப் போகம் முழுவதும் அழுகிப் போகும். நமசிவாயம் ஜீப்பில் பாய்ந்து ஏறி முதல் கியரைப் போட்டார். ஜீப் பின்னுக்குப் பாய்ந்து வாழையொன்றைச் சாய்த்தது.

"கியர் மாறி விழுந்திட்டுது" என்றார். இரண்டாவதைப் போட்டார். இன்னும் வேகமாகப் பின்னுக்குப் போனது. றிவேர்ஸைப் போட்டதும் ஆமை வேகத்தில் முன்னுக்கு நகர்ந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அக்ஸிலைப் புரட்டினால் உள்ளே இருக்கும் பல்லுச்சில்லும் மற்றப் பக்கம் போய்விடும். சில்லுகள் எதிர்ப்பக்கம்தான் சுற்றும். வெட்கமும் பயமும் ஒன்றாக வந்தன. நட் கழற்றும் சாவியை எடுத்துக்கொண்டு அடியில் புகப் போனவரை மனைவி குணலட்சுமி தடுத்தாள்.

"இப்ப கழட்டிப் பூட்ட எவ்வளவு நேரம்?"

"பின்னேரமாகும்."

"மழை பின்னேரம் வரைக்கும் பொறுக்குமோ? முன்னுக்குப் போக என்ன போடவேணும்?"

"றிவேர்ஸ்."

"அப்ப அதைப் போடுங்கோவன்! வெங்காயம் அழுகினாப் பிறகோ போடப் போறியள்?"

போட்டார். தோட்டத்தில் பாரம் ஏற்றிய ஜீப், அந்த மெதுவான கியரில், வயிறு முட்டாமல் ஒழுங்கைப் பள்ளத்து மண்ணை உழுதபடி ஏறி வந்தது. உயர்த்தியது வீண்போகவில்லை என்று அந்த அவதிக்குள்ளும் அவருக்குச் சந்தோசம். ஆனால் றோட்டில் அந்த வேகம் சரிவராது. இடி கேட்கத் தொடங்கிவிட்டது. மற்றக் கியர்களில் பின்னுக்கு வேகமாக ஓடலாமென்று ஜீப்பைத் திருப்பி, பின்பக்கம் வீட்டைப் பார்க்க நிறுத்தினார். வெங்காயக் குவியல் வழியை மறைத்தது. குணலட்சுமி சேலையைச் செருகிக்கொண்டு குவியலின் மேலே ஏறி இருந்தாள்.

"என்ரை கையைப் பாத்து ஓட்டுங்கோ. வேறை ஒண்டையும் பாக்காதையுங்கோ."

அவள் கை வலப்பக்கம் போனால் வலம், இடப்பக்கம் போனால் இடம். வெங்காயமும் மனுசியும் முன்னால் வர, தலையை முறுக்கிக்கொண்டு ஒருவர் பின்னால் வருவதைப் பார்க்கச் சனம் வாசல் படலையடிக்கு ஓடி வந்தது. "எங்கையப்பா, சாமி வீதி வலம் போகுதோ?" என்று ஒருத்தர் கத்தினார். குணலட்சுமி அங்கிருந்தே கும்பிடு போட்டாள். அந்தக் கும்பிடுக்கு எந்தப் பக்கம் திருப்புவதென்று தெரியாமல் ஜீப் மதிலை உரசியது.

எத்தனையோ நடை போய் வந்தார்கள். கடைசி நடையில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த சில கட்டுகளைக் குசினிச் சமையலுக்கு ஒதுக்கினார்கள். மற்றதெல்லாம் கொட்டிலுக்குள் காய்ந்தபடி கிடந்தது.

தகரத்தில் மழை கொட்ட, நமசிவாயம் கழுத்தைத் திருப்ப முடியாமல் கதிரையில் இருந்தார். குணலட்சுமி பின்னால் நின்று எண்ணெய் போட்டு உருவினாள்.

"நாளைக்குக் கழட்டிச் செபநாயகத்திட்டைக் குடுக்கிறன், குணம். சொன்னபடியே செய்யட்டும்."

"ஆறுதலாய்க் குடுக்கலாம்" என்றாள் அவள். "கலியாணம் முடிச்ச நாள் தொட்டு, கோயிலுக்கும் கடைக்கும் நீங்கள் முன்னுக்குப் போவியள், நான் பின்னாலை வருவன். ஒருக்காலும் திரும்பிப் பாத்ததில்லை. இண்டைக்குத்தான் வழி முழுக்க என்ரை முகத்தைப் பாத்தியள்."

 நமசிவாயத்துக்குக் கழுத்து உயிர் போகிறமாதிரி நொந்தது. இருந்தும் திரும்பினார்.