இடது பக்கக் கதவின் விசில்

மலேசியாவில் அலோர் ஸ்டார் நகருக்கு வெளியே, விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒரு சிறிய பள்ளியின் கொட்டகையில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். எங்களிடம் இருப்பவை நான்கு பேர் உட்காரும் சின்ன விமானங்கள். அவற்றின் கதவுகள் காரின் கதவைவிட மெல்லியவை. கதவைச் சுற்றி ஒட்டியிருக்கும் ரப்பர் சீல் வெயிலில் இறுகிப் போனால், பறக்கும்போது இடுக்கு வழியே காற்று கசிந்து விசிலடிக்கும். அதை மாற்றுவது எங்களுக்கு வாடிக்கையான வேலை.

மூத்த பயிற்சியாளர் ஒருவர் இருக்கிறார். ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துக்காரர். மற்றவர்கள் கேப்டன் என்பார்கள், நான் அண்ணே என்பேன். எதற்கும் குறை சொல்லாத மனிதர். ஒருநாள் காலை தரையிறங்கியதும் நேராக என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, அந்த இடது பக்கக் கதவு ஒரே பீசிங்லா, சத்தம் தாங்கல. விசில் அடிக்குது. கொஞ்சம் பாரு."

காகிதத் துண்டை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்த்தேன். சீல் அழுத்தமாக இருந்தால் காகிதம் சிக்கிக்கொள்ள வேண்டும். மேல் மூலையில் தடையில்லாமல் வந்தது. பறக்கும்போது கதவின் மேல்பக்கம் இன்னும் கொஞ்சம் வெளியே இழுபடும், இடைவெளி பெரிதாகும். பழைய பசையைச் சுரண்டி, புது சீல் ஒட்டிக் காயவிட்டேன்.

மறுநாள் பறந்துவிட்டு வந்தவர் தலையை ஆட்டினார்.

"காத்து வர்ல. ஆனா சத்தம் இருக்குலா. ஃபேனா இருக்குமோ?"

கருவிகள் சூடாகாமல் இருக்க முகப்புப் பலகைக்குப் பின்னால் ஒரு சின்ன ஃபேன் ஓடும். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை அதன்மேல் வைத்துக் கைப்பிடியில் காதை ஒட்டினேன். உள்ளே கரகரவென்று உராய்ந்தது. பேரிங் போயிருந்தது. ஃபேனையும் மாற்றினேன். அவர் மறுபடி அதையே சொன்னார்.

"நானும் கூட வரேண்ணே. நீங்க ஓட்டுங்க, நான் எங்கேன்னு பாக்குறேன்."

வயல்களைத் தாண்டி பாலிங் ஊர்ப் பக்கமாகப் போய்த் திரும்பினோம். அவருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து, வழியெல்லாம் இடது கதவோரத்தில் ஒரு டிஷ்யூ துண்டைப் பிடித்து நகர்த்திக்கொண்டே வந்தேன். எங்கும் அசையவில்லை.

"இப்ப கேக்குதா?" என்றார் ஹெட்செட்டில்.

"எஞ்சின் சத்தந்தான் கேக்குது."

"இந்தா, இங்கதான்," என்று கதவைத் தட்டிக் காட்டினார்.

இறங்கி நிறுத்தினோம். எஞ்சினை அணைத்தார். மெயின் சுவிட்சையும் அணைக்கச் சொன்னேன். ஃபேன் ஓய்ந்தது. ஹெட்செட்டைக் கழற்றினோம். அவர் பக்கத்துக் கதவை அவரே முழுக்கத் திறந்து வைத்தார். வெளியில் காற்றுகூட அடிக்கவில்லை.

"இப்பவும் கேக்குதாண்ணே?"

அவர் திறந்து கிடந்த கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்குது."

பெல்ட்டை அவிழ்க்காமல் நானும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கதவில் ஏதாவது பழுது மிச்சமிருந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது.

"வீட்லயும் கேக்கும், தங்கச்சி. பக்கத்து வீட்டு ஏர்கோன் மெஷின் சத்தம்னு நெனச்சேன். போய் சண்டையே போட்டுட்டேன்லா." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "நீ கதவ நல்லாத்தான் செஞ்சிருக்க."

யாரும் சொல்வதற்கு முன்பே அலுவலகத்துக்குப் போய் விஷயத்தைச் சொல்லி, பறப்பதை நிறுத்திக்கொண்டார். காது டாக்டர் சோதித்துவிட்டு, பல வருட எஞ்சின் இரைச்சலில் மெல்லிய ஒலிகளைப் பிடிக்கும் சக்தி குறைந்துவிட்டதாகவும், காதுக்குள் கேட்கும் அந்த விசில் போகாது, பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்றும் சொன்னாராம். மறுபரிசோதனைக்குப் பிறகு பறக்க அனுமதி கிடைத்தது. அதற்கு வெகுநாள் ஆனது.

திரும்பி வந்தவர் முன்புபோலவே ஓட்டுகிறார். எஞ்சின் ஓடும்போது விசில் அவ்வளவாகத் தெரியவில்லையாம். சத்தமில்லாத வகுப்பறையிலும் மசூதியிலும்தான் கஷ்டம் என்றார்.

அவர் விடுப்பில் இருந்தபோது நானும் போய்க் காதைச் சோதித்துக்கொண்டேன். குறையில்லை என்றார்கள். இருந்தாலும் எஞ்சினை ஓட்டிப் பார்க்கும்போது இப்போதெல்லாம் காதுக் கவசம் போடாமல் நிற்பதில்லை. அந்த நேரத்தில் உடன் வேலை செய்பவர்கள் கூப்பிட்டால் எனக்குக் கேட்பதில்லை. தோளைத் தட்டிக் கூப்பிடுகிறார்கள்.