கப்பலின் கீழ்ப்பாதி

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு போர்க்கப்பல் நிற்கிறது. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை சாலையில் போகிற பஸ்ஸில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். கன்னடம் பேசுகிறவர்கள் இதை ஹடகு மனெ என்கிறார்கள், நாங்கள் கப்பல் வீடு என்கிறோம், ஷேர் ஆட்டோக்காரர் ரெண்டும் இல்லாமல் "டேங்க் இறங்கு, டேங்க் இறங்கு" என்று கத்துகிறார். அவர் சொல்வதுதான் உண்மை. அது தண்ணீர்த் தொட்டி. காலையில் நான் பல் தேய்க்கும் தண்ணீர் அந்தக் கப்பலின் வயிற்றிலிருந்து வருகிறது.

கட்டியவர் என் அண்ணன். கடற்படையில் என்ஜின் ரூமில் இருந்தவர். நீராவியில் ஓடிய பழைய மாதிரிக் கப்பல் ஒன்றுக்கே திரும்பத் திரும்பப் போஸ்டிங் கேட்டு வாங்கியவர். பென்ஷனோடு ஊர் திரும்பியபோது, பாய்லர் பார்த்த அனுபவத்துக்காக ஓசூர் ஃபேக்டரிகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு வேலை கொடுத்தன. பாய்லரே வேண்டாம் என்று சொல்லி ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் போய் உட்கார்ந்தார். அண்ணி பெங்களூரில் பேரனைப் பார்த்துக்கொள்கிறார். இங்கே அண்ணனும் நானும்தான். நான் சிப்காட்டில் ஒயரிங் லைனுக்கு ஷிப்ட்டு போகிறேன், மிச்ச நேரத்தில் சமைக்கிறேன், எழுதுகிறேன். அண்ணன் காய் நறுக்குவார், பாத்திரம் கழுவுவார். ஆனால் அடுப்பில் குக்கர் இருந்தால் சமையலறை வாசலைத் தாண்டமாட்டார். ஹாலில் நின்றுகொண்டு, "ஆச்சா?" என்பார். விசில் அடங்கிய பிறகுதான் உள்ளே வருவார். ஏதோ ஆம்பளை வீம்பு என்று பல வருடம் திட்டியிருக்கிறேன்.

ஒருநாள் சாப்பிடும்போது அவர் போனுக்குப் படம் வந்தது. கப்பலில் கூட இருந்த யாரோ அனுப்பியது. உடைப்பதற்காகக் கரைச்சேற்றில் ஏற்றிவிட்ட அவர்களுடைய அதே கப்பல். முன்பக்கம் இல்லை. வெட்டிய இடத்தில் உள்ளறைகள் அடுக்கடுக்காகத் தெரிந்தன, சாலையை அகலப்படுத்த வீடுகளைப் பாதியாக இடித்தபோது உள்சுவரின் பச்சையும் ரோஸும் வெயிலில் தெரிந்ததே, அதுபோல. அண்ணன் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"என்னத்தத் தேடறண்ணா?"

"என்ஜின் ரூம் வரைக்கும் இன்னும் வரல. வெட்டிக்கிட்டே வர்றான்."

அடுத்த வாரம் கொத்தனார் வந்தார். மாடியிலிருந்த பிளாஸ்டிக் தொட்டி வெடித்து ஒழுகிக்கொண்டிருந்தது, அது நிஜம். ஆனால் அண்ணன் கொத்தனாரிடம் நீட்டிய காகிதத்தில் தொட்டிக்கு மூக்கு இருந்தது, புகைபோக்கி இருந்தது, பீரங்கி இருந்தது.

"சார், தொட்டின்னா ரவுண்டா கட்டுவோம், சதுரமா கட்டுவோம். மூக்கு வெச்சுக் கட்டுனா மூக்குல பாசி புடிக்கும்."

"புடிக்கட்டும். கப்பல்லயும் புடிக்கும்."

"சானமாவு காட்டுலருந்து யானைங்க வந்தா மொதல்ல உங்க ஊட்டுக்குத்தான் வரும் பாருங்க."

"வந்தா சல்யூட் அடிச்சுட்டு உள்ள வரச்சொல்லு."

கப்பல் மாடியின் நடுவில் நிற்க வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. இதற்கு மட்டும் கொத்தனார் ஒப்பவில்லை. அவ்வளவு தண்ணீரும் தூண் மேல்தான் உட்கார வேண்டும், கனமான தூண்கள் வீட்டின் பின்பக்கம் இருக்கின்றன. ரெண்டு நாள் தெலுங்கிலும் தமிழிலும் வாதாடிப் பார்த்து அண்ணன் விட்டுக்கொடுத்தார். கப்பல் பின்பக்கம் நகர்ந்தது.

பூச்சு முடிந்ததும் கொத்தனாருக்கு இன்னொரு சந்தேகம். "அடி எங்க சார் கீது? தளத்துமேல அப்டியே ஒட்டவெச்ச மாதிரி கீதே."

"அடி தண்ணிக்குள்ளப்பா. வெளிய தெரியறது இவ்ளோதான்," என்று சொல்லி, தளத்தை ஒட்டிச் சுற்றிலும் ஒரு கறுப்புப் பட்டை அடிக்கச் சொன்னார். அதுதான் தண்ணீர் மட்டம். எங்கள் மொட்டைமாடி கடலாகிவிட்டது. துணி காயப்போடுவதும் மிளகாய் உலர்த்துவதும் இனி கடல்மேல்தான்.

சாம்பல் நிறத்துக்குக் கடை கடையாக அலைந்தார். ஒரு கடைக்காரர், "லாரி சேஸிஸுக்கு அடிக்கற கிரே தரட்டுமா?" என்றார். அண்ணன் கலர் அட்டையைத் தள்ளிவிட்டு, "மழை எறங்கறதுக்கு முன்னாடி பாரூர் ஏரி இருக்குமே, அந்தக் கலர்," என்றார். கடைக்காரர் அட்டையை மறுபடி புரட்டிவிட்டு, "அதுக்கு நம்பர் ஏதாவது இருக்குதா சார்?" என்றார்.

வேலை நடக்கும்போது அக்கம்பக்கத்தில் எல்லோரையும் அண்ணன் மாடிக்குக் கூப்பிட்டுக் காட்டினார். ஒருவரை மட்டும் கூப்பிடவில்லை. உத்தனப்பள்ளி அக்காவை.

அக்காவின் கணவர் அதே என்ஜின் ரூமில் இருந்தவர். நம்ம பக்கத்து ஆள் என்று அண்ணன் அவரைச் சொந்தத் தம்பி மாதிரி வைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் அக்காவின் கணவர் டூட்டியில் இருந்தபோது நீராவிக் குழாய் வெடித்தது. அடுத்த டூட்டிக்கு அண்ணன் ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தார். உத்தனப்பள்ளிக்குப் பெட்டி வந்தது, கொடி வந்தது, துப்பாக்கி வெடித்து மரியாதை செய்தார்கள். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றார்கள். அக்கா தக்காளி போட்டார், விலை விழுந்தபோது ரோஜாவுக்கு மாறினார், மகளைப் படிக்கவைத்தார். அண்ணன் ஒவ்வொரு பொங்கலுக்கும் போய் வருவார். போனால் ரோஜா விலையைப் பேசுவார், மகளின் படிப்பைப் பேசுவார், கப்பலைப் பேசமாட்டார்.

என்னிடம் அக்கா பேசுவார். கல்யாணமான புதிதில், குடும்பங்களைக் கப்பலுக்குள் விட்ட ஒரு நாளில் அவரும் ஏறியிருக்கிறார். மேல்தளம் மட்டும் காட்டினார்கள். பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நீங்கள் வேலை செய்யும் இடம் எங்கே என்று அக்கா கணவரிடம் கேட்டதற்கு, கீழே எண்ணெயும் சூடுமாகக் கிடக்கும், புதுப்புடவை கெட்டுவிடும், அடுத்த தடவை காட்டுகிறேன் என்றாராம். ரோஜாவைக் கட்டுக்கட்டாக அடுக்கிக்கொண்டே இதைச் சொல்வார். முடிக்கும்போது எப்போதும் ஒன்றுதான்.

"அந்த எடத்த ஒருக்கா பாத்திருந்தா போதும். நெனைக்கறப்ப ஒரு எடம் வேணுமில்ல?"

அந்த இடத்தைத்தான் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் போன் போட்டேன்.

"கப்பல் கட்டறீங்களாமே, பஸ்ல போனவங்கல்லாம் சொன்னாங்க," என்றார் அக்கா. "உங்கண்ணன் கூப்புடலயே?"

"அவரு கூப்புடமாட்டாருக்கா. நான் கூப்புடறேன், வாங்க."

தொட்டியில் முதல்முறை தண்ணீர் ஏற்றிய ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தார், பை நிறைய ரோஜாவோடு. அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வாம்மா, வா," என்று நாற்காலி தேடினார். அக்கா உட்காரவில்லை. பருப்பைக் குக்கரில் போட்டு அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு நானும் பின்னாலேயே மாடி ஏறினேன்.

"இம்மாந்தான் கப்பலா? எங்க மாட்டுக்கொட்டாய் இதவிடப் பெருசுண்ணா."

"நெசக் கப்பல் பெருசும்மா."

"தெரியுமே. நான் ஏறியிருக்கறேன்."

பீரங்கியைத் தட்டிப் பார்த்தார். "பிவிசி பைப்பா இது?"

"ஆமா."

"எதிரி பாத்தா சிரிச்சே செத்துருவான்."

அண்ணனும் சிரித்துவிட்டார். அக்கா கப்பலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலக் கேட்டார்.

"சரி. அவரு எங்க?"

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கப்பலுக்குள் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. அண்ணன் எதையோ துடைப்பதுபோலக் கையை வேட்டியில் துடைத்தார். புகைபோக்கியிடம் போய் நின்றார். அதன்மேல் கையை வைத்தார்.

"இதுக்கு நேர் கீழ."

"கீழன்னா? இந்தக் கறுப்புக் கோட்டுக்கும் கீழயா?"

"அதுக்கும் கீழ. தண்ணிக்குள்ள. ஏணி வெச்சு எறங்கணும்."

அக்கா தளத்தைப் பார்த்தார், தன் காலுக்குக் கீழே. பிறகு படிப்பக்கம் திரும்பிவிட்டார். "வாங்க, எறங்குவோம்."

புகைபோக்கிக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்று அதுவரை நான் யோசித்ததில்லை. அண்ணனும் யோசித்திருக்கமாட்டார், அது தூண் தேர்ந்தெடுத்த இடம். அங்கே இருப்பது என் அடுப்பு. நான் ஓடினேன். எனக்கு முன்னால் அக்கா வீட்டின் பின்பக்கம் நேராக நடந்து சமையலறைக்குள் போய்விட்டிருந்தார். குக்கர் மூச்சுவிட ஆரம்பித்திருந்தது. அண்ணன் வழக்கம்போல வாசலில் நின்றார்.

"இங்கயா?" என்றார் அக்கா.

"இன்னும் உள்ள. சிங்க் பக்கமா."

"இங்க?"

"கொஞ்சம் பின்னாடி வா."

"அங்கருந்து எப்பிடித் தெரியும்? வந்து காட்டுங்கண்ணா."

நான் அடுப்பை அணைக்கக் கை நீட்டினேன். "அணைக்காத, வேல நடக்கட்டும்," என்றார் அக்கா.

அண்ணன் வாசலைத் தாண்டினார். அடுப்பை ஒட்டி, குக்கரைப் பார்க்காமல், மேடையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அக்காவின் தோளைத் தொட்டு ஓரடி நகர்த்தினார். "இங்க நிப்பான். மொகம் அந்தப் பக்கம்."

அந்தப் பக்கம் சுவர். காலண்டரும் மசாலா டப்பாக்களும். "அங்க என்னா இருக்கும்?"

"மீட்டருங்க. வட்ட வட்டமா. முள்ளு ஆடிக்கிட்டே இருக்கும், கண்ண எடுக்கக்கூடாது."

"ஜன்னலு?"

"இல்ல."

"இவ்ளோ சூடு இருக்குமா?"

"இதவிட ஜாஸ்தி. பனியனக் கழட்டிப் புழிஞ்சு போட்டுக்குவோம். இவன் பாடுவான். என்ஜின் சத்தத்துல ஒண்ணும் கேக்காது, வாய் அசையறதுதான் தெரியும். கேக்கவே இல்லன்னாலும் அவன் முடிச்சதும் கைதட்டணும், இல்லன்னா கோச்சுக்குவான்."

விசில் அடித்தது. மேடையின் விளிம்பில் அண்ணனின் விரல்கள் வெளுத்தன. ஆனால் கால் நகரவில்லை. அக்கா சுவரைப் பார்த்தபடியே நின்றார், மஞ்சள் டப்பாவுக்கு நேராக. நீராவி மேலே போய் தளத்தில் பட்டுப் பரவியது. அந்தத் தளத்துக்கு மேலே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"கடலு தெரியவே தெரியாதா இங்கருந்து?"

"தெரியாதும்மா. வாரக்கணக்கா கடல்ல போவோம், கடலப் பாத்திருக்கமாட்டோம்."

"அப்ப நம்மூரு மாதிரிதான்," என்றார் அக்கா.

இன்னொரு விசில் வந்தது. நான் அடுப்பை அணைத்தேன். அண்ணன் வெளியே போகவில்லை. கரண்டிக் காம்பால் விசிலைத் தூக்கி மிச்ச ஆவியை விட்டார், முகத்தைத் திருப்பாமல்.

அக்கா அந்த இடத்தை விட்டு அசையாமல் இடுப்பிலிருந்து போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். காலண்டரையும் டப்பாக்களையும் வீடியோவில் காட்டினார்.

"பாப்பா, உங்கப்பா நின்ன எடத்துல நிக்கறேன். நல்லாப் பாரு... இல்லடி, கடலெல்லாம் இல்ல. ஓசூர்லதான்."