வாங்க என்று சொல்லாத மதியம்

முதலில் காணாமல் போனது வலது பக்கம். மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் பைக்கைத் திருப்பிக்கொண்டிருந்தேன். எதிரே யாரும் இல்லை. அடுத்த நொடி என் முழங்காலை உரசிக்கொண்டு இன்னொரு பைக் நின்றது. ஓட்டிவந்தவர் ஹாரன் அடித்துக்கொண்டேதான் வந்தேன் என்றார். ஹாரன் எனக்கும் கேட்டது. கண் முன்னால் ரோடு காலியாக இருந்ததால் வேறெங்கோ அடிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். அவரைத்தான் திட்டினேன், நன்றாகவே திட்டினேன்.

இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கும் இப்படித்தான் தொடங்கியிருக்கும். பார்வை போவதென்றால் இருட்டிக்கொண்டு வரும் என்று எல்லோரும் நினைக்கிறோம். எனக்கு இருட்டவே இல்லை. போன இடத்தில் மூளை பக்கத்து ரோட்டையும் புல்லையும் எடுத்து ஒட்டுப் போட்டுவிட்டது. ஓட்டை இருப்பதே எனக்குத் தெரியவில்லை.

நான் கொல்லிமலையில் வாழவந்தி நாட்டுக்காரன் (மலையில் ஊர்த்தொகுதியை நாடு என்போம்). மிளகும் மரவள்ளியும் பயிர். சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகைப் பறிக்க ஒற்றை மூங்கிலைச் சாய்த்து, அதன் கணுக்களில் கால் வைத்து ஏறுவோம். அந்த வருஷம் கால் வைத்த இடத்தில் கணு இல்லை. கீழே கிடந்தபடியே மூங்கில் சரியில்லை என்று சொன்னேன். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, அந்த ரகம் நான். என் மனைவி சரசு மூங்கிலைத் தடவிப் பார்த்தாள். மறுநாள் என்னைச் சேலம் பஸ்ஸில் ஏற்றினாள்.

குளுகோமா (கண்ணுக்குள் நீரழுத்தம் ஏறி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போகும் நோய்) என்றார் டாக்டரம்மா. வலியில்லாமல் வருவதால் பலர் கடைசியில்தான் வருவார்களாம். போனது திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்தும் அறுவை சிகிச்சையும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"ரத்த உறவு எல்லாரையும் பரிசோதனைக்குக் கூட்டிட்டு வாங்க. இது குடும்பத்துல ஓடும்" என்றார்.

சரசு என் அத்தை மகள். எங்களுக்குள் ரத்த உறவு, கொண்ட உறவு என்று தனித்தனியாகக் கோடு போட முடியாது. அவளையும் மகள் ரம்யாவையும் பரிசோதித்தார்கள், கண் நன்றாக இருந்தது. சரசுவின் அண்ணன் செல்லமுத்து, அதாவது என் மச்சான், ஆலத்தூர் நாட்டில் இருக்கிறார். மரவள்ளி மூட்டைகளைப் பிக்கப் வண்டியில் ஏற்றி மலையிறங்குகிறவர். அவரிடம் சொன்னபோது போனில் பெரிதாகச் சிரித்தார்.

"எனக்கெதுக்குங்க மாப்ளே ஆஸ்பத்திரி? அத்தனை வளைவையும் கண்ணை மூடிக்கிட்டே ஓட்டுவேனுங்க."

அறுவை சிகிச்சைக்குப் பிறகும் நரம்பு பட்டுக்கொண்டேதான் போனது. இடது கண் முழுவதும் போயிற்று. வலது கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும் மிச்சம். பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆம்பளை பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் எங்கள் பக்கம் ஒரு வாரத்துக்கு அதுவே பேச்சாக இருக்கும். வெள்ளைக் கம்பு எடுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. சரசு ஒரு கட்டைப் பை வாங்கினாள். ஒரு காதை அவள் பிடித்துக்கொள்வாள், மற்றதை நான். பார்க்கிறவர்களுக்கு இரண்டு பேரும் சுமையைப் பகிர்ந்து தூக்குகிற மாதிரி இருக்கும். பைக்குள் ஒரு துண்டு மட்டும்தான் இருக்கும். சிலர் என்னைப் பாராட்டினார்கள்கூட.

அவர்கள் வரத் தொடங்கியது ஒரு மழைக்கால மதியத்தில். வாசல் அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வெளியே பலாமரத்தடியில் ஐந்தாறு ஆண்கள் வரிசையாக நின்றார்கள். தலைப்பாகை, வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை. நிழல்கூடச் சரியாகத் தெரியாத எனக்கு அந்தத் தலைப்பாகையின் நூல் தெரிந்தது. கண் நன்றாக இருந்த காலத்திலும் நான் அவ்வளவு துல்லியமாக எதையும் பார்த்ததில்லை. ஒருவரின் சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இமைக்காமல்.

வாசலுக்கு வந்தவரை முதலில் வாங்க என்று சொல்ல வேண்டியது வீட்டு ஆள். அது வரைக்கும் வந்தவர் வாய் திறக்க மாட்டார், படியும் தாண்ட மாட்டார். அதனால் நான் எழுந்து, "வாங்க, வாங்க" என்றேன்.

யாரும் அசையவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது, அவர்கள் நனையவில்லை.

உள்ளேயிருந்து சரசு வந்தாள். "ஏனுங்க, யாரை வாங்கன்னீங்க?"

"ரோட்டுல யாரோ போனாங்க" என்றேன்.

அதன் பிறகு அடிக்கடி வந்தார்கள். சில நாள் துல்லியமாக, சில நாள் வெறும் நிழலாக. மரவள்ளிக் காட்டில் செடிகளின் உயரத்துக்கு மேல் தலைப்பாகைகள் மட்டும் தெரியும். ஒருநாள் சரசு சோறு போட்டுக்கொண்டிருந்தபோது அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒருவர் நின்றார். அவர் உடம்பு வழியாகத்தான் அவள் கை தட்டுக்கு வந்தது. நான் குனிந்து சாப்பிட்டேன். பயமாக இருந்தது, நிஜமாகவே பயமாக இருந்தது. ஆனால் கண் போன ஆம்பளைக்கு ஊரில் அரை மதிப்புதான். புத்தியும் போயிற்று என்றால் அந்த அரையும் போகும். போதாததற்கு, ரம்யாவுக்கு மாப்பிள்ளை பார்த்து முடித்திருந்தோம். அப்பனுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று ஒரு வார்த்தை கிளம்பினால் போதும்.

எனவே ஒரு முடிவு செய்தேன். குரலோ, இருமலோ, செருப்புச் சத்தமோ கேட்டால் ஒழிய யாரையும் வாங்க என்று சொல்வதில்லை.

ஆஸ்பத்திரியில் அடுத்த முறை காத்திருந்தபோது ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பார்வை இழந்த ஆண்கள் அன்றாடம் எப்படி வாழ்கிறார்கள் என்று ஆய்வு செய்கிறாராம். பேசலாமா என்று கேட்டார். சரசு மருந்து வாங்கப் போயிருந்தாள். பேசலாம் என்றேன்.

"கண்ணு போன பிறகு, ஆம்பளைன்னு நீங்க செஞ்சுட்டிருந்த வேலையில எதையெல்லாம் விட்டீங்க?"

"ஒண்ணையும் விடலீங்க."

"மரம் ஏறுறீங்களா?"

"ஏறுறேனுங்க."

"வெளியே போகும்போது யார் கையைப் பிடிச்சுக்குவீங்க?"

"யார் கையையும் பிடிக்கறதில்லீங்க." இது ஒன்றுதான் நிஜம்.

அவர் பேனாவை மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, "என் பின்னால யாரைப் பார்க்கறீங்க?" என்றார்.

அவருக்குப் பின்னால் சுவரோரமாக அவர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். மலையை விட்டு இவ்வளவு தூரம் வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. யாரையும் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். அந்தப் பெண் என்னை விடவில்லை, டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்.

டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். சொன்னேன். அது பைத்தியமில்லை, பேயுமில்லை என்றார். சார்லஸ் போனே நோய்க்குறி (கண்ணிலிருந்து செய்தி வராதபோது மூளை தானாகப் படம் வரைந்துகொள்வது) என்று அதற்குப் பெயராம். பார்வை இழந்தவர்களில் பலருக்கு வருமாம், பெரும்பாலோர் வெளியே சொல்வதில்லையாம். கொஞ்ச காலத்தில் தானாகக் குறையலாம்.

"வீட்டுல சொல்லிடுங்க. சொன்னாலே பாதி பயம் போயிடும்" என்றார்.

சரி என்றேன். சொல்லவில்லை.

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, வெயில் காய்ந்த ஒரு மதியம், வாசல் நிலைக்குள் ஒரு கறுப்பு உருவம் வந்து நின்றது. செருப்புச் சத்தம் இல்லை. இருமல் இல்லை. அன்றைக்கு அவர்களில் ஒருவர் மட்டும் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நான் அசையாமல் இருந்தேன், உருவமும் அசையாமல் நின்றது. வெகுநேரம் அப்படியே இருந்தோம். பிறகு வாசலில் வெளிச்சம் மட்டும் இருந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, இன்று ஏமாறவில்லை என்று.

வந்தது செல்லமுத்து மச்சான். செருப்பை வெளி கேட் பக்கத்திலேயே கழற்றிவிட்டு வருவது அவர் பழக்கம்.

"படியேறி நின்னேன். கல்லாட்டம் உக்காந்திருந்தாரு. வாங்கன்னு ஒரு வார்த்தை இல்லை. இனி அந்த ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று ஊரில் சொல்லிவிட்டாராம். சரசு தோட்டத்திலிருந்து வருகிற வழியிலேயே கேள்விப்பட்டிருக்கிறாள். தாய்மாமன் சீர் கொண்டு வந்து முன்னால் நிற்காமல் எங்களில் தாலி ஏறாது. அவள் அழவில்லை. என் முன்னால் தரையில் உட்கார்ந்து, "ஏனுங்க இப்படிப் பண்ணுனீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். பலாமரத்தடி, மரவள்ளிக் காடு, சோறு போட்ட அன்று நடுவில் நின்றவர், எல்லாம். டாக்டரம்மா சொன்னதையும் சொன்னேன்.

"எல்லாம் ஆம்பளைங்களா?"

"ஆமா."

"அதான் ஒரு வேலையும் செய்யாம நிக்கறாங்க" என்றாள். பிறகு என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "இத்தனை நாளும் இதை வெச்சுக்கிட்டா தனியா உக்காந்திருந்தீங்க?"

மறுநாள் காலை பஸ்ஸில் ஆலத்தூர் நாட்டுக்குப் போனோம், கட்டைப் பையோடு. மச்சான் வீட்டு வாசலில் சரசு பையை விட்டுவிட்டாள். நீங்களே போய்ச் சொல்லுங்க என்றாள். படியேறி நின்றேன். வெயிலிலிருந்து நிழலுக்கு வந்ததில் வலது கண்ணில் இருந்த வெளிச்சமும் அந்தக் கணம் மறைந்தது. உள்ளே யாரோ மூச்சு விடுவது தெரிந்தது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. காலை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை. ஒரு வார்த்தைக்காக அப்படிக் காத்திருந்தது என் வாழ்வில் அது ஒரு தடவைதான்.

"வாங்க, மாப்ளே."

குரல் வந்த பக்கம் நடந்தேன். கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினேன். அவர் குறுக்கே பேசவில்லை. பேயை நினைத்துப் பயப்படுகிறார் என்று எண்ணினேன். முடித்ததும் வாசல் பக்கம் குரல் கொடுத்து, "சரசு, போய்க் காப்பி வை சாமி" என்றார். அவள் அடுப்படிக்குப் போனதும் என் பக்கம் நகர்ந்தார்.

"மாப்ளே, அன்னைக்கு நான் கோபத்துல நிக்கலீங்க. வெயில்ல இருந்து நிலைக்குள்ள வந்தேன், கண்ணுக்கு ஒண்ணுமே தெரியலை. நீங்க எங்க உக்காந்திருக்கீங்கன்னு தெரியலை. வாங்கன்னு சொல்லியிருந்தீங்கன்னா சத்தம் வந்த பக்கம் நடந்து வந்திருப்பேனுங்க."

ஒருவரையொருவர் பார்க்க முடியாமல் இரண்டு ஆம்பளைகள் ஒரே அறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறோம். அவர் என்னைத் தேடிக்கொண்டிருந்தார். நான் அவரை இல்லையென்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரில் அவமானம் என்று சொல்லிக்கொள்வது அவருக்கும் சுலபமாக இருந்திருக்கிறது.

"எத்தனை நாளாங்க மச்சான்?"

"ரெண்டு வருஷம் இருக்கும். வலது பக்கந்தான்."

"வண்டியை இப்ப யாரு ஓட்டறா?"

"நாந்தானுங்க."

அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். வளைவு வளைவாகச் சுமை வண்டி இறங்குகிறது, வலது பக்கம் முழுக்க மூளை போட்ட ஒட்டு. நான் கையை நீட்டினேன். சாவியைத் தாருங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அது உள்ளங்கையில் வந்து விழுந்தது, அவர் மடியின் சூட்டோடு. அப்புறம் அவர் அழுதார். நானும் அழுதேன். சரசு காப்பியை வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

அந்த வாரமே சேலத்தில் அவருக்கு மருந்து தொடங்கினார்கள். இடது கண்ணில் மிச்சமிருந்ததைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். வண்டியை இப்போது வேறொருவர் ஓட்டுகிறார். உங்கள் வீட்டிலும் கண்ணை மூடிக்கொண்டே ஓட்டுவேன் என்று சிரிக்கிற ஆள் ஒருவர் இருந்தால், அவரை ஒரு தடவை பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். கெஞ்சியாவது கூட்டிப் போங்கள்.

என் உடம்பு இப்போது வேறு மாதிரி நேரம் பார்க்கிறது. இடது தோளில் வெயில் சுட்டால் காலை, பலாமரத்து இலைச் சத்தம் அடங்கினால் மதியம். இப்போதெல்லாம் வெள்ளைக் கம்பு வைத்திருக்கிறேன். ஆய்வு செய்யும் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து, மரம் ஏறுவதில்லை என்று சொல்லிவிட்டேன். அந்தத் தலைப்பாகைக்காரர்கள் மட்டும் வருவதில்லை. மச்சானிடம் சொன்ன நாளுக்குப் பிறகு ஒரு தடவையும் வரவில்லை. டாக்டரம்மா சொன்னபடிதான் நடந்திருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

கல்யாணத்தன்று காலையில் பந்தல் வாசலில் நானும் மச்சானும் தோளோடு தோள் உரச நின்றோம். கால் சத்தம் கேட்கிற பக்கமெல்லாம் வாங்க, வாங்க என்றோம். கூட்டம் கொஞ்சம் ஓய்ந்தபோது அவர் என் காதருகே குனிந்தார்.

"மாப்ளே, பலாமரத்தடியில தலைப்பாக் கட்டிக்கிட்டு வரிசையா நிக்கறாங்களே, அவங்க எந்த ஊட்டு ஆளுங்க? ஒருத்தருக்குச் சட்டையில ரெண்டாவது பொத்தான் இல்லீங்க."

பொத்தானைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. சரசுவிடம் சொல்லவில்லை, டாக்டரம்மாவிடமும் சொல்லவில்லை, மச்சானிடமும் சொல்லவில்லை. பலாமரப் பக்கம் முகத்தைத் திருப்பினேன். எனக்கு வெளிச்சம் மட்டும் தெரிந்தது.

அவர் கையைத் தேடினேன். கட்டைப் பையின் காதைப் பிடிப்பதுபோல் அதைப் பிடித்துக்கொண்டேன், ஊரே பார்க்க.

"வாங்கன்னு சொல்லிடுங்க மச்சான்" என்றேன்.

இரண்டு பேரும் சேர்ந்து சொன்னோம்.