கோடில்லாத மெழுகு

என் மேசை இழுப்பறையில் ஒரு துண்டு தேன்மெழுகு கிடக்கிறது. பழுப்பேறி ஓரம் உடைந்துவிட்டது. நடுவில் ஒரு பெருவிரல் அடையாளம். அது யாருடைய விரல் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் போய்விட்டான், மற்றவன் நான்.

போனவன் என் மாமாவின் மகன், எனக்கு மச்சான். ஒரே வயது, ஒரே வகுப்பு. இரண்டாம் உலக யுத்தம் வந்தபோது கொழும்பில் ஒரே இரசாயனக் கூடத்தில் இருவரும் உதவியாளர்கள். அவன் கொட்டாஞ்சேனையிலிருந்து வருவான், நான் வெள்ளவத்தையிலிருந்து. பள்ளிக்கூடத்தில் அவன் ஐந்து புள்ளி கூட எடுத்தால் அன்று எனக்குச் சோறு இறங்காது. அம்மாவுக்குத் தன் தமையனின் மகனைப் புகழக் காரணமே வேண்டியதில்லை. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். அந்த உதவியைக்கூட அவன் எனக்குச் செய்யவில்லை.

ஜப்பானும் யுத்தத்தில் இறங்கப்போகிறது என்ற பேச்சு வந்தபின் ஊரெங்கும் ஒரே பயம்: விமானம் வந்து விஷத்தைத் தூவும், அது தெருவிலும் கிணற்றடியிலும் படியும். அதை முறிக்க எங்களிடம் இருந்தது பிளீச்சிங் பவுடர். ஆனால் கொழும்பின் ஈரக்காற்று பட்டால் சில வாரங்களில் அதன் வீரியம் செத்துவிடும். மழைக்காலம் முழுவதும் அதைக் கெடாமல் வைக்க வழி கண்டுபிடிக்கும்படி கூடத்தின் தலைவரான வெள்ளைக்காரத் துரை எங்கள் இருவரிடமும் சொன்னார். தலைமை உதவியாளர் இடம் காலியாக இருந்தது. வழி கண்டவனுக்கே அது என்று எல்லோருக்கும் தெரியும்.

நான் தகரத்துக்குள் தகரம் வைத்துத் தார் பூசினேன். துருப்பிடித்தது. மச்சான் பன்னிரண்டு ஊறுகாய்ச் சாடிகளை வாங்கி வந்தான். பவுடரை நிரப்பி, மூடியைச் சுற்றித் தேன்மெழுகு ஊற்றி, ஒவ்வொன்றிலும் பெருவிரலை அழுத்தினான். “ஊறுகாய் கெடேல்லை, இது ஏன் கெடவேணும்?” என்று என்னிடம் சிரித்தான். நான்கு மாதம் கழித்துத் துரையே திறந்து பார்ப்பதாக ஏற்பாடு.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் எல்லோரும் போனபின், கடைசிச் சாடியின் மெழுகைக் கத்தியால் கீறி எடுத்து, ஒரு சிட்டிகைப் பவுடரைச் சோதித்தேன். வீரியம் அப்படியே இருந்தது. மெழுகை உருக்கி ஊற்றி, அவனைப்போலவே பெருவிரலை அழுத்திவிட்டு வந்தேன். அடுத்த சனிக்கிழமையும் போய் அதே சாடியைத் திறந்தேன். அதற்கடுத்ததும். கெடுக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, சத்தியமாக. அவன் தோற்பதை முதலில் அறிய வேண்டும், அவ்வளவுதான். திறந்த தகரத்தில் பவுடர் சாகும் என்று அறிக்கை எழுதியவனே நான். ஆனால் திறப்பவன் நான்தான் என்பது என் புத்தியில் ஏறவில்லை. ஒருநாள் வீரியம் பாதியாகக் குறைந்திருந்தது. அன்று பஸ் ஏறாமல் காலி வீதி வழியே வெள்ளவத்தைவரை சந்தோஷமாக நடந்தேன்.

திறந்த நாளில் பதினொரு சாடிகள் புதுச்சரக்குப்போல இருந்தன. ஒன்றில் வெறும் சுண்ணாம்பு. எந்தச் சாடி செத்தது என்று தெரியாத முறையை நம்பிக் கிணற்றடியில் வைக்க முடியாது என்று துரை சொல்லிவிட்டார். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. மச்சான் அந்தச் சாடியின் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். காரணம் கேட்டதற்குத் தெரியாது என்றான். பக்கத்தில் நின்ற நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. இருவருமே வழி காணாததால், அறிக்கை எழுதியவன் என்று அந்த வருடமே என்னைத் தலைமை உதவியாளர் ஆக்கினார்கள்.

பிறகு கொழும்பில் குண்டு விழுந்தது. நல்லவேளையாக விஷம் விழவில்லை. விழுந்திருந்தால் கொட்டாஞ்சேனையில் ஒரு கிணற்றடியிலும் சாடி இருந்திருக்காது.

யுத்தம் முடிந்து மட்டக்களப்புக்கு மாற்றலாகிப் போகுமுன் மச்சான் என் மேசைக்கு வந்து, செத்த சாடியின் மூடியிலிருந்து எடுத்த இந்த மெழுகுத் துண்டை வைத்தான். “உன்ர சாமான், நீயே வைச்சிரு” என்றான். சின்ன வயதில் தேங்காய் துருவும்போது கிழித்துக்கொண்ட தழும்பு அவன் பெருவிரலுக்குக் குறுக்கே இருந்தது. அவன் அழுத்திய ஒவ்வொரு மெழுகிலும் ஒரு கோடு விழுந்திருந்தது. இதில் கோடு இல்லை. கூடவே வளர்ந்த எனக்கு அந்தத் தழும்பு நினைவுக்கே வரவில்லை.

ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னால் உன்ர வேலை போயிடும். மாமி தாங்கமாட்டா.”

மாமி என்றது என் அம்மாவை. வெட்கம் பிறகுதான் வந்தது. அந்த நிமிஷம் எனக்கு வந்தது எரிச்சல். அம்மாவுக்கு என்னைவிட நல்ல மகனாகவும் அவனே இருந்துவிட்டான்.

போன மாதம் அவன் செத்த வீட்டுக்குப் போய்த் திரும்பியதும் இழுப்பறையைத் திறந்தேன். மெழுகின்மேல் என் பெருவிரலை வைத்துப் பார்த்தேன். இன்னும் சரியாகப் பொருந்துகிறது.