கார்த்திகைக்கு மறுநாள்

தேங்காயெண்ணெயில் திரி கருகும் வாசம் மூக்கில் பட்டால், இன்றும் என் கண் முதலில் வாசலைத்தான் பார்க்கிறது, யாராவது வருகிறார்களா என்று.

தெஹியோவிட்டவுக்கு மேலே, றப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்த எங்களுக்கு முழு நிலா ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெயர். அம்மாவுக்கு அது தைப்பூசம், பங்குனி உத்திரம், கார்த்திகை. பக்கத்துச் சிங்களப் பிள்ளைகளுக்குப் பௌர்ணமி என்றால் போயா: "துருத்து" போயா, "மெதின்" போயா, கார்த்திகை மாதத்தில் "இல்" போயா. வெசாக் நிலாவுக்குத் தன்சல் பந்தலில் வரிசையில் நின்று சோறு வாங்கித் தின்றோம், தைப்பூசத்துக்குக் கோயிலில் தின்றோம். சோறு போடுகிற நிலா எல்லாம் எங்கள் நிலாதான்.

சண்டை நடந்த காலத்தில் ஓர் ஆண்டு, கார்த்திகை விளக்கீடு நவம்பர் கடைசியில் வந்தது. வடக்கில், போரில் இறந்த போராளிகளுக்கு விளக்கேற்றும் வாரமும் அதுவே. "இந்த வருஷம் வேணாம்மா" என்றான், கொழும்புக் கடையிலிருந்து லீவில் வந்திருந்த அண்ணன். "சாமிக்கு ஏத்துறதுக்கு யாருக்குடா பயப்படணும்?" என்றாள் அம்மா. பிடித்த பிடியை விடுகிற ஆளில்லை அவள்.

கடைசியில் அண்ணனே வாசல் திண்ணையில், "இஸ்தோப்பு" விளிம்பில் அகல்களை வரிசையாக வைத்து ஏற்றினான். பாதிகூட ஏற்றவில்லை, லயத்து முன்னால் ஜீப் வந்து நின்றது. இறங்கிய பொலிஸ் அதிகாரி விளக்குகளைப் பார்த்தார், பிறகு அண்ணனைப் பார்த்தார். யாருக்கு இந்த விளக்கு என்று சிங்களத்தில் கேட்டார். பௌர்ணமிக்கு என்று அம்மாவும் சிங்களத்திலேயே சொன்னாள்.

"போய ஹெட்ட" என்றார் அவர். போயா நாளைக்குத்தானே, இன்றைக்கு எப்படிப் பௌர்ணமி?

கார்த்திகை நட்சத்திரம் சில வருஷம் போயாவுக்கு முதல்நாளே வந்துவிடும். அதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த நட்சத்திரத்துக்குச் சிங்களத்தில் என்ன பெயர் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை, சிங்களம் தண்ணீராய்ப் பேசும் எனக்கும் தெரியவில்லை. தடுமாறிய அம்மா கடைசியில் வானத்தைக் காட்டினாள். "நிலாவப் பாருங்க மாத்தயா!"

எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். ஒரே மேகம். அந்த அதிகாரியும் கொஞ்ச நேரம் காத்திருந்தார், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். முருகா, ஒரு ஓரமாவது தெரியட்டும் என்று நான் வேண்டிக்கொண்டே நின்றேன். ஒன்றும் தெரியவில்லை.

"நாந்தாங்க ஏத்துனேன், அவன் சும்மா நின்னான்" என்று அம்மா அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையைப் பிரித்துவிட்டுத்தான் அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். ஜீப் வளைவில் மறைந்த பிறகு றப்பர் மரங்களுக்கு மேலே நிலா வந்தது, சோற்றுத்தட்டுப் போல முழுசாக. அதன்மேல் எனக்கு வந்த கோபம் பொலிஸ்காரர்மேல்கூட வரவில்லை.

அடுத்த வாரம் அண்ணன் திரும்பி வந்தான். அவனுக்கு இடது காது அன்றிலிருந்து கேட்பதில்லை.

சண்டை முடிந்துவிட்டது. இப்போது விளக்கேற்றினால் எங்கள் லயத்தில் யாரும் வந்து கேட்பதில்லை. அம்மா நட்சத்திரம் பார்ப்பதை மட்டும் அந்த வருஷத்தோடு விட்டுவிட்டாள். போன கார்த்திகையும் போயாவுக்கு முதல்நாளே வந்தது. "இன்னைக்குத்தாம்மா கார்த்திகை" என்றேன்.

"இல் போயா நாளைக்குத்தானே, நாளைக்கே ஏத்துவோம்" என்றாள், அண்ணனைப் பார்த்தபடி.

வெளியே வந்து பார்த்தேன். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. இஸ்தோப்பு முழுக்க நிலா விழுந்து கிடந்தது. அங்கே ஒரு விளக்கும் இல்லை.