படம் எடுத்தது யார்?

என் மகள் ஜெர்மனியில் எம்.எஸ். படிக்கிறாள். சனிக்கிழமை ஆனால் எங்கேயாவது கிளம்பிவிடுவாள். ஏரி, மலை, பழைய கோட்டை என்று வாட்ஸ்அப்பில் படங்கள் வரும். சங்கரன்கோவிலில் என் ஜவுளிக்கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் பெருமையாகக் காட்டுவேன்.

ஒருநாள் என் மச்சினன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டான். "எல்லாத்துலயும் பிள்ளை தனியா நிக்கா. அப்போ படம் எடுக்கது யாரு அத்தான்?"

அன்றோடு என் நிம்மதி போயிற்று. பழைய படங்களையெல்லாம் தோண்டினேன். ஒன்றில் தரையில் ஓர் ஆணின் நிழல் விழுந்திருந்தது. அவள் போட்டிருந்த கூலிங் கிளாஸில் யாராவது தெரிகிறார்களா என்றுகூடத் தேடினேன். மனைவியிடம் மூச்சு விடவில்லை.

அடுத்த சனிக்கிழமை வீடியோ காலில் அழைத்தேன். ஏதோ ஏரிக்கரையில் இருந்தாள்.

"ஏட்டி, கூட யாரு இருக்கா? போனைச் சுத்திக் காட்டு."

அவள் சுற்றிக் காட்டினாள். காலியான பெஞ்சுகள், தண்ணீர், அவளுடைய பை. வேறு யாருமில்லை.

"அப்போ படம் எடுக்கது?"

"போற வாற ஆளுககிட்ட கேப்பேன்ப்பா. இங்கன எனக்கு ஃப்ரெண்டுன்னு யாருமே அமையல. ரூம்லயே கெடந்தா அழுகையா வருது, அதான் வெளிய வந்துருதேன். தெரிஞ்சா நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொல்லல."

அவள் பக்கத்தில் யார் என்று ஒரு வாரமாகத் தேடிய நான், அவள் முகத்தை ஒருமுறைகூடச் சரியாகப் பார்க்கவில்லை. கூட யாராவது இருந்திருக்கக் கூடாதா என்று அப்போது மனம் ஏங்கியது.