நிஸார் காக்காவுக்கு ஒரு கதிரை

நிஸார் காக்காவை எங்கள் ஹோட்டல் கொன்றது. வைத்தியர் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். அதுவும் பிழையில்லை. அந்த மாரடைப்பு எங்கே வளர்ந்தது என்று எழுத அந்தத் தாளில் இடம் இருக்கவில்லை.

செய்தி வந்தபோது நான் வரவேற்பு மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு அறைச் சாவியைக் கொடுக்கும்போது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மௌத்து அறிவித்தல் தொடங்கியது. முதலில் தெருப் பெயர். பிறகு அவருடைய பெயர். இரண்டு மணித்தியாலத்துக்கு முன்னர்தான் அவரை ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தோம், பின் கேற்றால். முன் கேற்றால் கொண்டுபோனால் விருந்தினர் கண்ணில் படும் என்று முகாமையாளர் சொல்லியிருந்தார். "யாரும் மௌத்தா தம்பி?" என்று அந்தக் குடும்பத்தின் தாய் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் முகாமையாளர் முன்மண்டபத்துப் பாட்டின் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

அவரோடு வேலை செய்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சாய்ந்தமருதுக்காரர். கட்டாரில் பதினாறு வருடம் ஹோட்டல்களில் பரிமாறிவிட்டு ஊருக்கு வந்தவர். கல்முனைக் கடற்கரையோரம் இருக்கும் எங்கள் ஹோட்டலில் சாப்பாட்டு மண்டபத்துக்குப் பொறுப்பாக இருந்தார். போன முறை வந்தபோது எந்தப் பிள்ளை மீன் சாப்பிடவில்லை என்பது வரை அவருக்கு ஞாபகமிருக்கும். கோபத்தோடு வருகிறவர்களைப் பற்றி எங்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வார்: "பசிச்ச மனிசனோட கதைக்கப் போகாதீங்க. தட்டை வைங்க. பொறகு கதைப்பம்."

எங்கள் ஹோட்டலில் வேலை நேரத்தில் யாரும் உட்கார்ந்து இருக்கக்கூடாது. பத்து மணித்தியாலமும் நிற்க வேண்டும். அப்படி எந்தத் தாளிலும் எழுதியில்லை. ஆனால் முகாமையாளரின் அறையை விட்டால், விருந்தினர் அல்லாதவர் இருக்க ஒரு கதிரைகூட அந்தக் கட்டடத்தில் இல்லை. சமையலறைக்குப் பின்னால், குளிர் அறைக்குள், இரண்டு சோடாப் பெட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு நாங்களே ஓர் இடம் செய்திருந்தோம். ஆளுக்கு ஐந்து நிமிடம். அந்தக் குளிரில் அதற்கு மேல் இருக்கவும் முடியாது. யார் உள்ளே போனாலும் அவருடைய மேசைகளை நிஸார் காக்கா பார்த்துக்கொள்வார். மற்றவர்கள் ஒருவரையொருவர் கண்டால் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். அவர், "இண்டைக்கு இருந்தியா மனே?" என்றுதான் கேட்பார். தான் மட்டும் போகமாட்டார். அறைகளைத் துப்புரவு செய்யும் தம்பிலுவில் ஊர் வசந்தி அக்கா ஒருநாள் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"காக்கா, நீங்க பொறக்கக்குள்ளயும் நிண்டுகொண்டா பொறந்தீங்க?"

"ஓம் புள்ள. ஆஸ்பத்திரியில கட்டில் இல்லயாம்."

அவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருந்தது. சப்பாத்துக்குள் கால் வீங்கிப்போய், வேலை முடிந்ததும் கழற்ற முடியாமல் இழுத்துக்கொண்டிருப்பார். நோன்பு மாதத்தில் இன்னும் மோசம். பொழுதுபடும் நேரத்தில்தான் விருந்தினர் எல்லாரும் கடற்பக்க மேசைகளுக்கு வருவார்கள்; வரவேற்பிலிருந்து என்னையும் பரிமாறக் கூப்பிடுவார்கள். அதே நேரத்தில்தான் நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கும். எங்களை விடமாட்டார்கள். நிஸார் காக்கா பின்னேரமே பேரீச்சம்பழங்களைக் கழுவி, எங்கள் ஒவ்வொருவரின் சட்டைப் பையிலும் ஒன்று வைத்துவிடுவார். பாங்கு கேட்டதும் தட்டைப் பிடித்தபடி, முகத்தைக் கடல் பக்கம் திருப்பி, வாய்க்குள் போட்டுக்கொள்வோம். விதையைத் துப்ப இடம் தேடி அலைவோம். ஒருநாள் ஒரு விருந்தினர் அதைப் பார்த்துவிட்டு, நாங்கள் சாப்பாட்டைக் களவெடுத்துத் தின்கிறோம் என்று முறைப்பாடு செய்தார்.

அடுத்ததை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. அந்த நோன்பில் லண்டனிலிருந்து ஒரு அம்மா வந்து தங்கினார், யாழ்ப்பாணத்து ஆள். மூன்றாம் நாள் என் மேசைக்கு வந்து தணிந்த குரலில் கேட்டார்.

"தம்பி, அந்த மனுசனுக்கு ஏதும் வருத்தமோ? நிக்கேலாமல் நிக்கிறார்."

"சீனி வருத்தம் மெடம். நோன்பும். இருக்க விடமாட்டாங்க."

"நான் என்ன செய்யலாம்?"

"எழுதுங்க. நாங்க செல்லிக் கேக்கமாட்டாங்க. நீங்க எழுதினா கேப்பாங்க."

அவர் ஹோட்டலின் இணையப் பக்கத்தில் எழுதினார். அன்பாகத்தான் எழுதினார். இப்படி ஒரு நல்ல மனிதரை நான் எந்த ஹோட்டலிலும் காணவில்லை, ஆனால் களைத்துப்போயிருக்கிறார், தயவுசெய்து அவரை இருக்க விடுங்கள் என்று எழுதி, ஒரு நட்சத்திரத்தைக் குறைத்திருந்தார்.

விருந்தினர் எழுதுவதை வாரத்துக்கு ஒருமுறை அச்செடுத்து நாங்கள் நின்றபடி சாப்பிடும் அறைச் சுவரில் ஒட்டுவார்கள். நல்லதுக்குக் கீழே பச்சைக் கோடு, கெட்டதுக்குச் சிவப்பு. அச்செடுப்பது என் வேலை. கோடு போடுவது முகாமையாளரின் வேலை. அவர் சிவப்புப் போட்டார். காலைக் கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் சொன்னார்: "ஆக்கள் கடலைப் பாக்க வாறாங்க. ஒங்கட களைப்பைப் பாக்க வரல்ல."

நிஸார் காக்காவை மண்டபத்திலிருந்து எடுத்துக் களஞ்சியத்துக்குப் போட்டார்கள். விருந்தினர் கண்ணில் படாத வேலை. தண்ணீர்ப் போத்தல் பெட்டிகளைப் பின் படிக்கட்டால் மூன்று மாடிக்கும் ஏற்ற வேண்டும். எழுதச் சொன்னவன் நான் என்று அவரிடம் சொல்லப் பல நாள் முயன்றேன், முடியவில்லை. ஒருநாள் படிக்கட்டில் மூச்சு வாங்க நின்றபடி அவரே பேச்சை எடுத்தார்.

"அந்தப் பொம்புள நல்லது நெனச்சித்தான் எழுதிச்சி மனே. எழுதச் சொன்ன ஆளும் நல்லதுதான் நெனச்சிரிக்கும்."

சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிப் போனார். அவருக்குத் தெரிந்திருந்தது. நான் பின்னால் நின்றேன். அந்தப் பெட்டியையாவது வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. வரவேற்பு மேசையில் ஆள் இல்லை என்று கீழே கூப்பிட்டார்கள், போய்விட்டேன்.

பெருநாள் முடிந்து கச்சான் காற்று அனலாக வீசத் தொடங்கியது. பின் படிக்கட்டுக்குத் தகரக் கூரை. மத்தியானத்தில் கைப்பிடிக் கம்பியைத் தொட முடியாது. அங்கேதான், மூன்றாம் மாடிக்கு நாலு படி கீழே, வசந்தி அக்கா அவரைக் கண்டெடுத்தார். பெட்டி சரியாமல் பக்கத்தில் இருந்தது. அதை இறக்கி வைத்துவிட்டுத்தான் விழுந்திருக்கிறார்.

அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தோம். அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்ளட்டும். மறுநாள் வேலைக்குப் போனால், முன்மண்டபத்தில் அவருடைய படத்தைச் சட்டம் போட்டு, பூ வைத்து நிறுத்தியிருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் ஒருவர் என்று கீழே எழுதியிருந்தது. மௌத்தானவரின் படத்தை வைத்துப் பூப்போடுவது எங்களிடம் வழக்கமில்லை. அது இவர்களுக்குத் தெரியாமலில்லை. படத்தை ஒரு கதிரையில் வைத்திருந்தார்கள். மெத்தை போட்ட நல்ல கதிரை.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கேள்விதான். இப்போது குளிர் அறை வாசலில் நின்று நான் கேட்கிறேன், இண்டைக்கு இருந்தீங்களா என்று. அவருடைய பேச்சைக் களவெடுத்ததுபோல் இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

படத்தைக் கண்ட அன்றைக்கே முகாமையாளரின் அறைக்குப் போனேன். அவர் கணினியில் புது நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேர், அந்தப் படத்தை எடுத்து அவர்ட ஊட்டுக்கு அனுப்புங்க. கதிரையக் கொண்டுபோய்க் குசினிக்குப் பின்னால போடுங்க. நாங்க இருக்கணும்."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் நின்றுகொண்டிருந்தேன்.